ஐந்து மாத்திரை, பதினொரு மாதக் குதிகால் வலி

போன வருடம் ஆகஸ்ட் மாதம், பதினொன்றாம் வகுப்பில் முதல் பாடவேளை. கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதப் போனேன். எனக்கு உயரம் குறைவு, அதனால் எப்போதுமே கால்விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்கித்தான் மேல் வரியை எழுதுவேன், 28 வருடமாக அப்படித்தான். அன்றைக்குக் குதிகாலைத் தூக்கினதும் வலது காலின் பின்பக்கம், குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே, சூடு வைத்த மாதிரி சுரீரென்று இழுத்தது. சாக்பீஸ் கையிலிருந்து விழுந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்வரிசைப் பெண் ஓடி வந்து "என்னாச்சு டீச்சர்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்துதான் பாடம் நடத்தினேன். இனி பல மாதம் உட்கார்ந்தே நடத்தப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

அதற்கு ஐந்து நாள் முன்னால் எனக்குக் காய்ச்சல், நெஞ்சில் சளி, கொஞ்சம் வீசிங். மருத்துவரிடம் போனேன். நாளைக்கு ஒன்றாக ஐந்து நாளைக்கு லெவோஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாடிக் 750 மில்லிகிராம், வீசிங்குக்கு ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, இருமலுக்கு ஒரு சிரப். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிட்டது, நல்ல மருந்து என்று நானே அக்கம்பக்கத்தில் சொன்னேன். நான்காம் நாள் மாடிப்படி இறங்கும்போது இரண்டு குதிகாலும் விறைப்பாக இருந்தது, காய்ச்சல் வந்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது மாத்திரையையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனேன்.

அடுத்த ஐந்து வாரத்தில் யாரும் என்னிடம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வீட்டு வைத்தியம். அம்மாவுக்கு 79 வயது, பார்த்தவுடனே "இது குதிவாதம்டீ" என்றாள். செங்கல்லைச் சூடு பண்ணி, மேலே எருக்கம் இலையை வைத்து மிதிக்கச் சொன்னாள். திருச்சியில் காலி மனைக்கு மனை எருக்கு நிற்கிறது, இலைக்குப் பஞ்சமில்லை. மிதித்தேன். அந்தச் சூடு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், ஆனால் வலி இருந்தது குதிகாலின் அடியில் இல்லை, பின்னால், மேலே. பக்கத்து வீட்டு அக்கா சுளுக்கு எடுப்பவரைக் கூட்டி வந்தார். அவர் எண்ணெய் போட்டு, அந்த நரம்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே அழுத்தி நீவினார். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. அவர் மேல் குற்றம் இல்லை, சுளுக்கு என்று சொன்னோம், சுளுக்குக்குச் செய்வதைச் செய்தார்.

அப்புறம் மருத்துவர்கள். சிக்குன்குனியாவாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இல்லை. யூரிக் அமிலம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. "எங்க வலிக்குது?" என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குதிகால் நரம்பு இழுக்குது டாக்டர்." எல்லாரும் சொல்வதைப் போலத்தான் சொன்னேன். நரம்பு என்றதும் அவர் நரம்புக்கான வைட்டமின் மாத்திரை எழுதினார், மெத்தில்கோபாலமின் கலந்தது, ஒரு மாதத்துக்கு.

நான் தமிழாசிரியர். இந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கல" என்கிறோம், அங்கே அது ரத்தக்குழாய். கால் மரத்துப்போனால் "நரம்புத் தளர்ச்சி" என்கிறோம், அங்கே அது உணர்வைக் கடத்தும் நரம்பு. கழுத்துப் பிடித்தாலும் நரம்பு, குதிகால் இழுத்தாலும் நரம்பு. யாழில் கட்டியிருந்ததுகூட நரம்புதான். உடம்புக்குள் நீளமாக, கயிறு மாதிரி எது ஓடினாலும் நமக்கு ஒரே சொல். எனக்கு அடிபட்டிருந்த இடத்துக்குப் பாடப்புத்தகத்தில் தனிச் சொல் இருக்கிறது: தசைநாண். தசையை எலும்போடு கட்டி வைக்கும் நாண். வில்லில் கட்டுகிற அதே நாண்தான். கெண்டைக்கால் தசை சுருங்கும்போது இந்த நாண் குதிகால் எலும்பை மேலே இழுக்கிறது, அதனால்தான் நம்மால் எட்டி நிற்க முடிகிறது, படி ஏற முடிகிறது, பஸ்ஸைப் பிடிக்க ஓட முடிகிறது. இந்தச் சொல்லை வகுப்பில் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த நான் மருத்துவர் முன்னால் சொல்லவில்லை. வலி எங்கே என்று விரலை வைத்துக் காட்டியிருந்தாலே போதும், அதைக்கூடச் செய்யவில்லை.

இரண்டாவது பார்த்த எலும்பு மருத்துவர், வலி குறையாவிட்டால் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி ஒன்று போடலாம் என்றார். ஊசிக்கு நாள் குறித்துவிட்டு வந்தேன். இடையில், நடப்பதற்காவது வழி சொல்லட்டும் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண், என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். குப்புறப் படுக்கச் சொல்லிக் கெண்டைக்காலைப் பிடித்து அழுத்தினார், பாதம் அசைகிறதா என்று பார்த்தார், அசைந்தது, நாண் அறுந்திருந்தால் அசையாதாம். இரண்டு காலையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல வந்துச்சா டீச்சர்?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்கு முன்னாடி காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் ஏதாவது? என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

அதுதான் அந்தக் கேள்வி. ஐந்து வாரம் கழித்து, நான்காவதாகப் பார்த்த ஆள் கேட்டது.

கைப்பையில் மருந்துச் சீட்டு மடித்தபடியே கிடந்தது. எடுத்துக் காட்டினேன். லெவோஃப்ளாக்சசின் என்ற பெயரின் மேல் விரலை வைத்தார், அப்புறம் ப்ரெட்னிசோலோனைப் பார்த்ததும் ஒரு பெருமூச்சு விட்டார். ஊசி வேண்டவே வேண்டாம், மாத்திரையால் ஏற்கெனவே நலிந்த நாணுக்குப் பக்கத்தில் ஸ்டீராய்டைப் போட்டால் அறுந்துபோகிற ஆபத்து கூடும் என்று, தனக்குத் தெரிந்த மூத்த எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய நாண் வலது காலில் 8.5, இடது காலில் 7.5 மில்லிமீட்டர் தடித்திருந்தது. கிழிசல் இல்லை. அந்த மேசையில் படுத்தபடியே அழுதேன், அறுபடவில்லை என்கிற நிம்மதி பாதி, இத்தனை நாள் கட்டைவிரல் நீவலும் செங்கல்லுமாக அதன் மேல் ஏறி மிதித்திருக்கிறோமே என்கிற பயம் பாதி.

இந்த மாத்திரைகளின் குடும்பத்துக்குப் பெயர் ஃப்ளோரோகுவினலோன். அடையாளம் சுலபம், பெயரின் வால் ஒன்றாகவே இருக்கும்: சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்குக்கு என்று நம் ஊரில் சர்வசாதாரணமாக வாங்கிப் போடும் ஆஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையும் இந்தக் குடும்பம்தான். நாண் என்பது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரத இழைகளை முறுக்கித் திரித்த கயிறு. அதற்குள் இழையை நெய்கிற செல்கள் கொஞ்சம்தான், ரத்த ஓட்டமும் குறைவு, அதிலும் குதிகால் எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே இருக்கிற பகுதிக்கு ரொம்பக் குறைவு. எனக்கு வலித்தது சரியாக அங்கேதான். இந்த மருந்து மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மை உள்ளது. நாணின் செல்களைப் பாதிக்கிறது, புது இழை உண்டாவதைக் குறைக்கிறது, பழைய இழையை அரிக்கும் நொதிகளைக் கூட்டுகிறது என்று ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். மருந்து இரண்டு நாளில் உடம்பைவிட்டு வெளியேறிவிடும். சேதம் மட்டும் தங்கிவிடுகிறது, அதனால் வலி முதல் மாத்திரை போட்ட இரண்டாம் நாளே வரலாம், மாத்திரையை நிறுத்திச் சில மாதம் கழித்தும் வரலாம். மாதம் கழித்து வருகிறவர்கள் மாத்திரையை எப்படி நினைவு வைத்திருப்பார்கள்?

பாதிக்கப்படுவதில் பத்தில் ஒன்பது பேருக்குக் குதிகால் நாண்தான், பாதிப் பேருக்கு இரண்டு காலிலும். அதைத்தான் அந்தப் பெண் "ரெண்டு பக்கமுமா?" என்று கேட்டது. 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், சிறுநீரகம் சரியில்லாதவர்கள், மாற்று உறுப்பு பொருத்தியவர்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். எனக்கு 54 வயது, ஆனால் சீட்டில் ஸ்டீராய்டு இருந்தது.

இது அபூர்வம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். லெவோஃப்ளாக்சசினுக்கான ஐரோப்பியத் தகவல் தாள், பத்தாயிரம் பேரில் ஒருவரிலிருந்து ஆயிரத்தில் ஒருவருக்குள் என்று வகைப்படுத்துகிறது. அபூர்வம்தான். ஆனால் நம் ஊரில் இந்த மாத்திரை எத்தனை வீட்டில் எத்தனை தடவை விழுங்கப்படுகிறது என்று நினைத்துப் பார்த்தால் அந்த ஒருவர் அவ்வளவு அபூர்வமானவராக இருக்க முடியாது.

இன்னொன்று, இது புதிதாகக் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. 1983-லேயே நியூசிலாந்தில், சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட நோயாளிக்கு நார்ஃப்ளாக்சசினால் குதிகால் நாண் பாதித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த மருந்துகளின் தாளில் கறுப்புக் கட்டம் போட்டு நாண் அழற்சி, நாண் அறுதல் என்று எச்சரிக்கச் சொன்னது. 2016-இல் இன்னும் கடுமையாக்கி, சைனஸ், சாதாரண மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலில்லாத சிறுநீர்த்தொற்று இவற்றுக்கெல்லாம் வேறு வழி இருக்கும்போது இதைக் கொடுக்க வேண்டாம் என்றது. ஐரோப்பா 2018-இல் அதையே சொன்னது. பிரிட்டன் 2024 ஜனவரியில், மற்ற ஆண்டிபயாடிக் பொருந்தாத இடத்தில் மட்டும்தான் இது என்று சுருக்கிவிட்டது. இதையெல்லாம் ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கையில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு வந்தது வெறும் நெஞ்சுச் சளி.

எனக்குக் கோபம் அதிகமாக வந்தது ஒரு துண்டுக் காகிதத்தை நினைத்துத்தான். மருந்துக் கடையில் பத்து மாத்திரைப் பட்டையிலிருந்து ஐந்தைக் கத்தரியால் வெட்டிப் பழுப்புக் கவரில் போட்டுத் தந்தார்கள். அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள் கடையிலேயே நின்றுவிடும், அது என் கைக்கு வரப்போவதே இல்லை. வந்திருந்தாலும் எறும்பு எழுத்து ஆங்கிலம். என் கணவர் நன்றாகப் படிப்பவர், நானும் படிப்பேன், எங்கள் வீட்டுக்கே இந்தக் கதி. கடையில் போய் "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்க" என்று கேட்கிற பழக்கம் நமக்கு இருக்கிறதே, அந்தச் செட்டில் என்ன ஆண்டிபயாடிக், கூடவே ஸ்டீராய்டு இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்? லெவோஃப்ளாக்சசின் 2014 மார்ச் முதல் எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் நோயாளி பெயர், மருத்துவர் பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சட்டம் அப்படி இருக்கிறது.

சரி, எப்படிச் சமாளித்தேன் என்பதைச் சொல்கிறேன். இது என் காலுக்கு, என்னை நேரில் பார்த்தவர்கள் சொன்ன முறை. உங்களுக்கு இதே வலி என்றால் உங்கள் காலைப் பார்ப்பவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

முதல் மூன்று வாரம் நாணுக்கு முழு ஓய்வு. முழு ஓய்வு என்றால் படுத்துக்கிடப்பது இல்லை, இழுபடாமல் பார்த்துக்கொள்வது. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தினேன். எம்சிஆர் என்கிற மிருதுவான ரப்பர் செருப்பு ஒன்றை வாங்கி, குதிகால் பக்கம் உள்ளே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் அட்டை ஒட்டிக்கொண்டேன், குதிகால் சற்று மேலே நின்றால் நாண் தளர்வாக இருக்கும். பூஜை அறை தவிர எல்லா இடத்துக்கும் அந்தச் செருப்புதான். அம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, பிறகு அவளே காலையில் என் கட்டிலுக்கு அடியில் எடுத்து வைக்க ஆரம்பித்தாள், ஏனென்றால் காலையில் எழுந்து வைக்கும் முதல் பத்து அடிதான் உயிர் போகிற அடி. விறைத்த கயிற்றை யாரோ முறுக்குவது போல இருக்கும். வாசலில் கோலம் போடக் குனிந்து உட்காருவது நின்றது, அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து கையெட்டும் தூரத்துக்கு ஒரு சின்னக் கோலம் போட்டாள். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி, லிப்ட் கிடையாது. ஒரு படிக்கு இரண்டு கால், குழந்தை ஏறுவது மாதிரி, பாதம் முழுக்கப் படியில் பதிய.

யாரும் சொல்லாத கஷ்டம் ஒன்று கழிவறை. குந்தி உட்காரும்போது பாதம் முன்னால் மடங்கி, நாண் முழு நீளத்துக்கு இழுபட்டு எலும்பின் மேல் அழுந்தும். வீட்டில் இந்தியன் கழிவறைக்கு மேல் வைக்கிற பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் வாங்கிவிட்டோம். பள்ளிக்கூடத்தில் என்ன செய்வது? அங்கே எல்லாமே குந்துவதுதான். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை ஒரு டம்ளர். இரண்டு வாரத்தில் நீர்க்கடுப்பு வர ஆரம்பித்ததும்தான் எனக்கு உறைத்தது, சிறுநீர்த்தொற்று வந்தால் மறுபடி ஆண்டிபயாடிக், அதிலும் சிறுநீர்த்தொற்றுக்கு முதலில் கைக்கு வருவது இதே குடும்பத்து மாத்திரையாக இருக்கும். தலைமையாசிரியரிடம் போய் நேராகச் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே ஆசிரியைகள் கழிவறையில் ஒரு ஸ்டூல் வந்தது. முழங்கால் வலியோடு இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் இருந்த மூன்று ஆசிரியைகள் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

வகுப்பில் உட்கார்ந்தேன். பலகையில் எழுத வேண்டியதைப் பிள்ளைகளை எழுதச் சொன்னேன். தேர்வு அறை மேற்பார்வைக்கு நடக்க முடியாது என்று சொல்லி, விடைத்தாள் கட்டும் வேலையை வாங்கிக்கொண்டேன். கால் வீங்கவில்லை, கட்டுப் போடவில்லை, பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது, அதனால் "நல்லாத்தானே இருக்கீங்க" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி ஒரு கட்டத்தில் வலியைவிட அந்தக் கேள்வி களைப்பாக இருந்தது.

நான்காம் வாரத்திலிருந்து பயிற்சி. நான் நினைத்திருந்தது நன்றாக இழுத்து நீட்டி மடக்குவதுதான் பயிற்சி என்று, பிசியோதெரபிஸ்ட் நீட்டவே விடவில்லை. சுவரில் கை வைத்து, இரண்டு குதிகாலையும் ஒரு விரற்கடை மட்டும் தூக்கி, 30 விநாடி அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி, மொத்தம் ஐந்து தடவை, காலையும் மாலையும். அவ்வளவுதான். முதல் நாள் 12 விநாடிதான் நின்றேன். ஆறு வாரம் கழித்து, மூன்று எண்ணுவதற்குள் ஏறி மூன்று எண்ணுவதற்குள் இறங்குவது, பத்துப் பத்தாக மூன்று முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். இடையில் நான் படித்துவிட்டு வந்து கேட்டேன், ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃபிரெட்சன் என்ற மருத்துவர் 1998-இல் சொன்ன முறை இருக்கிறதே, படியின் விளிம்பில் நின்று குதிகாலைக் கீழே இறக்குவது, நாளைக்கு 180 தடவை, 12 வாரம், அதைச் செய்யட்டுமா என்று. "அது ஓடி ஓடித் தேஞ்ச நாணுக்கு டீச்சர். உங்களோடது மருந்தால அடிபட்டது, அதுகிட்ட அவசரம் காட்டக்கூடாது" என்றார்.

வலி பயிற்சியின்போது எவ்வளவு என்பதைவிட, மறுநாள் காலை அந்த முதல் பத்து அடியில் எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஒரு ரூல்டு நோட்டில் தினமும் ஒரு எண் எழுதினேன், பத்துக்கு எத்தனை. நேற்று 3, இன்று 3 என்றால் நேற்றுச் செய்தது சரியான அளவு. நேற்று 3, இன்று 5 என்றால் நேற்று அதிகம், இரண்டு நாள் குறைக்க வேண்டும். அந்த நோட்டு இல்லாமல் நான் இதைத் தாண்டியிருக்க மாட்டேன். நாளுக்கு நாள் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது, செப்டம்பர் பக்கத்தையும் நவம்பர் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் 7 என்பது 3 ஆகியிருப்பது தெரியும்.

மார்கழியில் 2 வரைக்கும் இறங்கிவிட்டது. வைகுண்ட ஏகாதசி வந்தது. சின்ன வயதிலிருந்து ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசலுக்கு நான் போகாத வருடம் ஒன்றோ இரண்டோதான். போனேன். ராத்திரி இரண்டு மணியிலிருந்து வரிசையில், வெறுங்காலில், சில்லென்ற கல் தரையில், கூட்டம் தள்ளும்போது விரலை ஊன்றி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு. பெருமாளை நன்றாகச் சேவித்தேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை, நோட்டில் 8. நாலரை மாத உழைப்பு ஒரு ராத்திரியில் போய்விட்டது என்று அன்று முழுக்க யாருடனும் பேசவில்லை. ஆனால் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட் பழைய இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொல்லவில்லை, இரண்டு படி மட்டும் பின்னால் போகச் சொன்னார், ஐந்து வாரத்தில் மறுபடி 3-க்கு வந்தேன். முதல் தடவை அதே தூரத்துக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இந்த வலியில் இப்படித் திரும்பி வருவது வழக்கம்தானாம், முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு நாளாவது மிஞ்சியிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம், ராத்திரியில் இணையத்தில் தேடுவது. இரண்டாம் மாதம் எனக்குத் தோள்பட்டையிலும் லேசாக வலி வந்தது, அவ்வளவுதான், நான் தேட ஆரம்பித்துவிட்டேன். வருடக்கணக்காகப் படுக்கையில் கிடப்பவர்கள், வேலையை விட்டவர்கள், அவர்கள் எழுதியதெல்லாம் உண்மை, அவர்கள் வலி உண்மை. சிலருக்கு இந்தப் பாதிப்பு நீண்ட காலம் நிற்கிறது என்பதை எஃப்டிஏ, ஐரோப்பிய அமைப்பு இரண்டுமே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆனால் இரண்டு மாதத்தில் சரியாகி மாடிப்படி ஏறிப் போனவர் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து எழுத மாட்டார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் குணமாகிறார்கள். அதை என் கணவர்தான் சொன்னார், சொல்லிவிட்டுப் போனை வாங்கிச் சமையலறையில் சார்ஜ் போட ஆரம்பித்தார். தோள்வலி மூன்று வாரத்தில் தானாகப் போய்விட்டது.

மக்னீசியம் மாத்திரை சாப்பிட்டால் சரியாகும் என்றும் பலர் சொன்னார்கள். மருந்து மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதிலிருந்து வந்த யோசனை இது, கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் பிறகு மக்னீசியம் சாப்பிட்டால் நாண் சீராகும் என்று மனிதர்களில் நிரூபணம் இல்லை என்றார் மருத்துவர். நான் தனியாக எதுவும் வாங்கவில்லை. கீரை, வேர்க்கடலை, கேழ்வரகு எப்போதும் சாப்பிடுவதுதான்.

இதைப் படித்துவிட்டு யாராவது சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்ற பயம் எனக்கு இருக்கிறது. என் மாணவன் ஒருவனின் அப்பா, மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு சிகிச்சை எடுக்கிறார். அவருடைய மாத்திரைகளில் லெவோஃப்ளாக்சசின் உண்டு. அந்த நோய்க்கு லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் உயிர் காக்கிற மருந்து, மாதக்கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, "எனக்கும் மூட்டெல்லாம் வலிக்குதுங்க டீச்சர், நிறுத்திடவா?" என்று கேட்டார். நிறுத்தக் கூடாது, நாளைக்கே மையத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றேன். போனார். அவருக்குக் கொடுத்த பைரசினமைடு யூரிக் அமிலத்தைக் கூட்டியதால் வந்த மூட்டுவலி அது, வேறு வலி, அதற்கு வேறு மருந்து கொடுத்தார்கள். அவர் தானாகவே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

சாதாரணச் சளிக்கோ வயிற்றுக்கோ இந்த மாத்திரை எழுதினால், "எனக்கு இதுக்குப் பதிலா வேற குடுக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்கலாம், தப்பே இல்லை. ஸ்டீராய்டு எடுக்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரை எடுக்கும்போது குதிகாலிலோ தோளிலோ முழங்கையிலோ வலி, விறைப்பு வந்தால் அடுத்த மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள், நான் ஐந்தாவதைப் போட்டேனே, அந்த மாதிரி வேண்டாம். பின்னாலிருந்து யாரோ காலில் உதைத்த மாதிரி, டப் என்று ஒரு சத்தத்தோடு வலி வந்து, விரலை ஊன்றி நிற்கவே முடியவில்லை என்றால் அது நாண் அறுந்ததாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், செங்கல்லும் எண்ணெயும் வேண்டாம்.

இந்தியாவில் மருந்தின் பக்கவிளைவை நோயாளியே பதிவு செய்ய முடியும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. 1800-180-3024, கட்டணமில்லா எண், காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்தின் திட்டம். நான் கூப்பிட்டு மருந்தின் பெயர், அளவு, தேதி, என்ன ஆனது எல்லாம் சொன்னேன். மருந்துச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

என் பர்ஸில் இப்போது ஆதார் நகலுக்குப் பின்னால் ஒரு அட்டை இருக்கிறது, ஐந்து மருந்தின் பெயரும் தமிழிலும் ஆங்கிலத்திலும், "இவை கொடுக்க வேண்டாம், இரு குதிகால் நாணும் பாதிக்கப்பட்டது" என்று. அம்மாவுக்குப் பிப்ரவரியில் கண்புரை அறுவை சிகிச்சை செய்தபோது மாக்சிஃப்ளாக்சசின் சொட்டு மருந்து எழுதினார்கள், பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. கேட்டேன். சொட்டு மருந்திலிருந்து ரத்தத்துக்குப் போகும் அளவு மிக மிகக் குறைவு, பயப்பட வேண்டாம் என்று அந்தக் கண் மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். இருந்தாலும் அந்த மூன்று வாரமும் தினமும் காலையில் அம்மாவின் குதிகாலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது ஜூலை. வலது கால் பெரும்பாலான நாட்களில் 0, படி இறங்கும்போது மட்டும் லேசாக நினைவுபடுத்தும். இடது கால் காலையில் இன்னும் 1. செருப்பிலிருந்த ரப்பர் அட்டையைப் போன மாதம் பாதியாக வெட்டிவிட்டோம். வாசல் கோலம் இன்னும் அம்மாவிடம்தான். வியாழக்கிழமை பிசியோதெரபிக்குப் போக வேண்டும், ஒற்றைக் காலில் 15 முறை ஏறி இறங்க முடிந்தால் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். நேற்று 13 வந்தது.